இன்ஃபர்னல் அஃபேர்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2002 டிசம்பரில் ஹாங்காங்கில் வெளியான படம் இது. போலீஸுக்குள் ஒரு தாதாவின் ஆள், தாதா கும்பலுக்குள் ஒரு போலீஸ்காரன். பார்த்தவர்களும் பார்க்கப் போகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். முதல் ஐந்து பதில்களைப் படம் பார்க்காதவர்களும் பயமில்லாமல் படிக்கலாம். அதற்குப் பிறகு முடிச்சுகள் அவிழும். அந்த இடத்தில் எச்சரிக்கை கொடுத்திருக்கிறேன்.

கதையைக் கெடுக்காமல் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

முடியும். ஹாங்காங் போலீஸ் பயிற்சிப் பள்ளியில் ஒரே சமயத்தில் இரண்டு இளைஞர்கள். சான் விங்-யான் கெட்டிக்காரன், எதையும் கூர்ந்து பார்க்கிறவன். அவனை ஒழுங்கு மீறியதாகக் காரணம் காட்டிப் பள்ளியிலிருந்து வெளியே அனுப்புகிறார்கள். உண்மையில் அவனை அனுப்புவது தாதா கும்பலுக்குள் உளவு பார்க்க. லாவ் கின்-மிங் அதற்கு நேரெதிர். அவன் போலீஸில் சேர்ந்ததே ஹான் சாம் என்கிற தாதா சொல்லித்தான்.

சான் கேட் வழியாக வெளியேறும்போது, "இவனுக்குப் பதிலாக யார் போக விரும்புகிறீர்கள்?" என்று அதிகாரி மற்றவர்களை மிரட்டுகிறார். லாவ் தனக்குள் முணுமுணுக்கிறான்: "நான் போகிறேன்." படம் முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

அப்புறம் கிட்டத்தட்ட பத்து வருடம் ஓடிவிடுகிறது. சான் அடிதடி, சிறை என்று தேய்ந்துபோன அடியாள். லாவ் நல்ல சட்டை, நல்ல வீடு, உளவுப் பிரிவில் நல்ல பதவி. ஒரு போதைப்பொருள் பேரத்தின்போது இரண்டு தரப்புக்கும் தங்களிடம் ஒரு கருப்பு ஆடு இருப்பது தெரிந்துவிடுகிறது. கும்பலில் இருக்கும் போலீஸ்காரனைக் கண்டுபிடிக்கச் சொல்லி சாம் கேட்பது லாவிடம். போலீஸில் இருக்கும் தாதாவின் ஆளைக் கண்டுபிடிக்கும் பொறுப்பை மேலதிகாரிகள் கொடுப்பதும் லாவிடமே. அதே ஆளைக் கும்பல் பக்கமிருந்து தேடுகிறவன் சான்.

பெயர்கள் குழப்புகின்றன. யார் யார்?

எல்லோருக்கும் முதல் தடவை குழப்பும். பாத்திரத்தின் பெயர் லாவ், நடிகர் ஆன்டி லாவ், இயக்குநர்களில் ஒருவர் ஆன்ட்ரூ லாவ். மூவரையும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். சானாக நடித்தவர் டோனி லியுங் சியூ-வாய். சானை அனுப்பிய போலீஸ் அதிகாரி வோங்காக ஆண்டனி வோங். தாதா சாமாக எரிக் ட்சாங். இளமைக் காலத்து லாவும் சானும் முறையே எடிசன் சென், ஷான் யூ. மனநல மருத்துவர் லீயாக கெல்லி சென், லாவின் காதலி மேரியாக சாமி செங். சானோடு சுற்றும் கும்பல்காரன் கியோங்காக வரும் சாப்மன் டோவையும் கவனியுங்கள். சின்ன வேடம்தான், ஆனால் படத்தில் ஆறுதல் தரும் ஒரே ஆள் அவன்.

ஆன்டி லாவும் டோனி லியுங்கும் 1980களில் ஹாங்காங்கின் டிவிபி தொலைக்காட்சியில் ஒன்றாக வளர்ந்தவர்கள். 1984இல் ஒரு சரித்திரத் தொடரில் ஒருவர் பேரரசர், இன்னொருவர் அவருடைய குறும்புக்கார நண்பன். ஹாங்காங் ரசிகர்களுக்கு இந்த இருவரும் எதிரெதிரே நிற்பதே தனி உணர்ச்சி.

யார் எடுத்தது? ஏன் அவ்வளவு பெரிய விஷயமாகப் பேசினார்கள்?

இயக்கம் ஆன்ட்ரூ லாவ், ஆலன் மாக் இருவரும் சேர்ந்து. திரைக்கதை ஆலன் மாக், ஃபெலிக்ஸ் சோங். ஆன்ட்ரூ லாவ் அடிப்படையில் ஒளிப்பதிவாளர். இந்தப் படத்தின் ஒளிப்பதிவிலும் அவர் கை இருக்கிறது. காட்சி ஆலோசகராக கிறிஸ்டோபர் டாயில்.

ஹாங்காங் சினிமா அப்போது படுத்துக்கிடந்தது. 1990களின் தொடக்கத்தில் வருடத்துக்கு இருநூறை ஒட்டிப் படம் எடுத்த ஊர். பிறகு திருட்டு விசிடி, 1997இன் ஆசியப் பொருளாதார நெருக்கடி, இயக்குநர் ஜான் வூ, நடிகர் சவ் யுன்-ஃபாட் போன்றவர்கள் ஹாலிவுட் போனது என்று ஒன்றன்பின் ஒன்றாக அடி. அந்த நேரத்தில் இந்தப் படம் ஹாங்காங்கில் மட்டும் ஐந்தரைக் கோடி ஹாங்காங் டாலர் அளவுக்கு வசூலித்தது. "இந்த ஊரில் இன்னும் படம் எடுக்கத் தெரியும்" என்ற நம்பிக்கையைக் கொடுத்தது.

2003 ஏப்ரலில் நடந்த ஹாங்காங் திரைப்பட விருதுகளில் ஏழு விருது: படம், இயக்கம், திரைக்கதை, நடிகர் (டோனி லியுங்), துணை நடிகர் (ஆண்டனி வோங்), படத்தொகுப்பு, பாடல். நகரம் சார்ஸ் நோயில் பயந்துகிடந்த நாட்கள் அவை. நடிகர் லெஸ்லி செங் இறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. வெற்றி விழாவாக இருந்திருக்க வேண்டியது கண்ணீரோடு நடந்தது. அதே வருடம் தைவானின் தங்கக் குதிரை விருதிலும் சிறந்த படம் இதுதான்.

இன்ஃபர்னல் என்றால் நரகம் சார்ந்தது. அந்த நரகத்துக்கும் இந்தக் கதைக்கும் என்ன சம்பந்தம்?

பௌத்தத்தில் நரகங்களிலேயே கொடியது அவீசி. அங்கே வேதனைக்கு இடைவெளியே கிடையாது. சீனத் தலைப்பு அந்த நரகத்தைத்தான் குறிக்கிறது. படமும் ஒரு பௌத்த சூத்திர வாசகத்தோடுதான் தொடங்குகிறது. இடைவெளி இல்லாத வேதனை என்றால் என்ன என்பதற்கு இந்தப் படம் ரத்தம், நெருப்பு எதையும் காட்டுவதில்லை. தூங்கக்கூட பயப்படும் ஒரு மனிதனைக் காட்டுகிறது. சானுக்கு நிம்மதியான தூக்கம் கிடைப்பது மனநல மருத்துவரின் சாய்வு நாற்காலியில் மட்டும்தான். நீதிமன்ற உத்தரவால் சிகிச்சைக்கு வருகிறவன் வந்ததும் தூங்கிவிடுகிறான். மருத்துவரும் தூங்க விடுகிறார்.

சண்டைக் காட்சிகள் நிறைய இருக்குமா?

இல்லை. ஹாங்காங் ஆக்‌ஷன் படம் என்றதும் இரண்டு கையிலும் துப்பாக்கி, பறக்கும் புறா என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். மொத்தப் படமே 101 நிமிடம். இங்கே ஆயுதம் செல்போன். குறுஞ்செய்தி, தவறிய அழைப்பு, தட்டும் விரல், யாருடைய போன் எப்போது ஒலிக்கிறது என்பதிலேயே நெஞ்சு படபடக்கிறது. துப்பாக்கி சுடும் இடங்கள் சில நொடிகளில் முடிந்துவிடும். அதனாலேயே அவை வலிக்கின்றன.

இதற்கு மேல் கதையின் முக்கியத் திருப்பங்கள் எல்லாம் வருகின்றன. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

தொடக்கத்தில் வரும் ஸ்டீரியோ கடைக் காட்சி எதற்கு? கதைக்குத் தேவையே இல்லையே?

எனக்கு இந்தப் படத்திலேயே மிகப் பிடித்த காட்சி அதுதான். ஆடியோ சாமான்கள் விற்கும் சின்னக் கடை. லாவ் புது வீட்டுக்கு ஸ்டீரியோ வாங்க வருகிறான். கடையைப் பார்த்துக்கொள்ளும் சான் வயர், ஆம்ப்ளிஃபயர் பற்றியெல்லாம் அக்கறையாக விளக்குகிறான். ட்சாய் சின் பாடிய ஒரு பழைய மாண்டரின் பாட்டைப் போட்டுக் காட்டுகிறான். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் கேட்கிறார்கள்.

யார் யாரென்று இருவருக்கும் தெரியாது. ஒரு போலீஸ்காரனும் ஒரு குற்றவாளியும் அங்கே இல்லை. நல்ல ஒலியை ரசிக்கும் இரண்டு பேர் மட்டும் இருக்கிறார்கள். படத்தில் அவர்கள் பொய் சொல்லாமல் சேர்ந்து இருக்கும் ஒரே நேரம் அது. வேறு மாதிரி வாழ்க்கை அமைந்திருந்தால் இவர்கள் நண்பர்களாகியிருப்பார்கள் என்பதை வசனமே இல்லாமல் சொல்லிவிடுகிறார்கள். பின்னால் வரும் ஒவ்வொரு துரோகமும் இந்தக் காட்சியின் மீதுதான் வந்து விழுகிறது.

போதைப்பொருள் பேரக் காட்சியில் நடப்பது சரியாகப் புரியவில்லை. விளக்க முடியுமா?

சாம் தாய்லாந்துக்காரர்களிடம் கொக்கைன் வாங்குகிறார். அறைக்குள் இருக்கும் சான் விரலால் தட்டித் தட்டி, மோர்ஸ் சங்கேதத்தில் வோங்குக்குச் செய்தி அனுப்புகிறான். வோங் காதில் கேட்கும் கருவியை வைத்துக்கொண்டு அதை எழுத்தாக மாற்றி, தன் ஆட்களை நகர்த்துகிறார். அதே கட்டுப்பாட்டு அறையில் லாவும் நிற்கிறான். வோங் யாரிடமிருந்தோ செய்தி வாங்குகிறார் என்று அவனுக்குப் புரிகிறது. போலீஸ் நெருங்குவதை அவன் சாமுக்குத் தெரிவிக்கிறான். சரக்கு கடலுக்குப் போகிறது. போலீஸ் வந்து பார்த்தால் கையில் ஒன்றும் இல்லை.

இதில் அழகு என்னவென்றால் சானும் லாவும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. ஒருவன் அனுப்பும் ஒவ்வொரு செய்தியையும் இன்னொருவன் உடைத்துக்கொண்டே இருக்கிறான். பேரம் தோற்றது, கைதும் தோற்றது. மிச்சமானது இரு பக்கமும் சந்தேகம் மட்டும்.

அதன் பிறகு போலீஸ் நிலையத்தில் வோங்கும் சாமும் பேசிக்கொள்வது?

சாம் ஹாயாக சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். வோங் ஒரு கதை சொல்கிறார். சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் இரண்டு பேர் காத்திருக்கிறார்கள், இருப்பதோ ஒரே சிறுநீரகம். ஒருவர் பையில் இன்னொருவர் ஒரு சீட்டைப் போட வேண்டும், தன் பையில் இருக்கும் சீட்டு என்னவென்று முதலில் சரியாகச் சொல்பவர் பிழைத்துக்கொள்வார். உன் சீட்டு எனக்குத் தெரியும், என் சீட்டு உனக்குத் தெரியும் என்பதுதான் இதன் பொருள். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த சாம் மேசையில் இருக்கும் சாப்பாட்டை ஒரே தள்ளாகத் தள்ளுகிறார். கிளம்பும்போது வோங் கை நீட்டுகிறார். பிணத்தோடு யாராவது கை குலுக்குவார்களா என்கிறார் சாம்.

எரிக் ட்சாங் நகைச்சுவை நடிகராகப் பெயர் வாங்கியவர். குட்டையான, உருண்டையான, அன்பான சித்தப்பா போன்ற உருவம். அந்த முகத்தில் ஒரு நொடியில் குளிர் ஏறுவதைப் பார்க்க வேண்டும்.

சான் கடைசியில் லாவை எப்படிக் கண்டுபிடிக்கிறான்?

ஒரு கவரை வைத்து. சாம் தன் ஆட்களின் விவரங்களை எழுதி வாங்கி லாவிடம் கொடுத்திருப்பார். உளவாளியைச் சலித்து எடுப்பதற்காக. அப்போது கியோங்குக்கு ஒரு சொல்லை எழுதத் தெரியாமல், சான் கவரின் மேல் எழுதிக் காட்டியிருப்பான். சாம் செத்த பிறகு, தன் போலீஸ் அடையாளத்தைத் திரும்பப் பெற சான் லாவின் அலுவலகத்துக்கு வருகிறான். ஒரு வழியாக விடுதலை என்ற நிம்மதி முகத்தில் தெரிகிறது. லாவ் அவனுடைய கோப்பைத் திறக்க எழுந்து போகிறான். மேசையில் அந்தக் கவர், தன் கையெழுத்தோடு. டோனி லியுங் அந்த இடத்தில் ஒரு வார்த்தை பேசுவதில்லை. கண் மட்டும் மாறுகிறது. லாவ் திரும்பி வரும்போது நாற்காலி காலி. கவரைப் பார்த்ததும் அவனுக்கும் விளங்கிவிடுகிறது. உடனே கணினிக்குப் போய் சானின் கோப்பை அழித்துவிடுகிறான்.

கோப்பை அழித்ததில் அப்படி என்ன இருக்கிறது? சான் போலீஸ் என்பது உண்மைதானே?

உண்மை என்பது ஒன்று, அதற்குச் சாட்சி இருப்பது வேறொன்று. என்னைக் கேட்டால் இந்தப் படத்தின் உயிரே இங்கேதான் இருக்கிறது.

சான் போலீஸ்காரன் என்று உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒருவர் பயிற்சிப் பள்ளித் தலைவர் யிப். அவர் இறந்துபோகிறார். இறுதி ஊர்வலம் தெருவில் போகும்போது, யாரும் பார்க்காத மூலையில் நின்று சான் சல்யூட் அடிக்கிறான். சீருடை இல்லாமல், அனுமதி இல்லாமல். அதற்குப் பிறகு மிச்சம் வோங் மட்டும். மூன்று வருடம் என்றீர்கள், அதற்கப்புறம் இன்னும் மூன்று, அதற்கப்புறமும் மூன்று, பத்து வருடம் ஆகப்போகிறது என்று மொட்டைமாடியில் அவரிடம் சான் வெடிக்கும்போது, அவனால் கோபித்துக்கொள்ள முடிந்த ஒரே ஆளும் அவர்தான். அந்த வோங் ஒரு கட்டடத்தின் உச்சியிலிருந்து தள்ளப்பட்டு, சானின் கண் எதிரே ஒரு டாக்சியின் மேல் விழுகிறார். ஒரு மனிதர் மட்டும் சாகவில்லை. சான் யார் என்ற சாட்சியும் அந்த இடத்திலேயே செத்துவிடுகிறது. எஞ்சியிருந்தது கணினியில் ஒரு கோப்பு. அதையும் லாவ் அழித்துவிட்டான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு கடைசி மொட்டைமாடிக் காட்சியைப் பாருங்கள். சான் லாவின் முதுகில் துப்பாக்கியை வைக்கிறான். முன்பு எனக்கு வேறு வழி இருக்கவில்லை, இப்போது நல்லவனாக இருக்க விரும்புகிறேன் என்கிறான் லாவ். நீதிபதியிடம் சொல்லிப் பார் என்கிறான் சான். அப்போ என்னைச் சாகச் சொல்கிறாயா என்று லாவ் கேட்க, "மன்னிச்சிடு, நான் போலீஸ்" என்று பதில் வருகிறது. லாவ் கேட்கிறான்: "அது யாருக்குத் தெரியும்?"

ஹாங்காங்கில் இந்த வசனங்கள் இன்றும் எல்லோருக்கும் மனப்பாடம். லாவ் சொன்னது மிரட்டல் மட்டும் அல்ல, அப்பட்டமான உண்மையும்கூட. நகரத்தில் அப்போது சான் போலீஸ் என்று தெரிந்த ஒரே ஆள், அவனைக் காட்டிக்கொடுத்தவன்.

லிஃப்டில் சானைச் சுடுவது, போலீஸில் இருக்கும் சாமின் இன்னொரு ஆள். நானும் உன் கூட்டம்தான் என்று லாவிடம் அவன் சொல்கிறான். லாவ் அவனையும் சுட்டுவிட்டு, லிஃப்ட் கதவு திறக்கும்போது அடையாள அட்டையைத் தூக்கிக் காட்டி "நான் போலீஸ்" என்கிறான். சான் சொல்லி யாரும் நம்பாத அதே வார்த்தை. லாவ் சொன்னதும் எல்லோரும் நம்புகிறார்கள், ஏனென்றால் அவன் கையில் அட்டை இருக்கிறது.

அப்படியானால் லாவ் கெட்டவன்தானே?

அவன் செய்தவை கெட்டவை. அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் கெட்டவனாகவே இருந்துவிட அவன் விரும்பவில்லை என்பதுதான் சங்கடம். கார் நிறுத்துமிடத்தில் சாமைச் சுட்டுக் கொல்கிறான். வோங்கின் மரணத்துக்கு நியாயம் செய்ததாகவும் அதைப் பார்க்கலாம், பழைய முதலாளியிடமிருந்து தப்பித்ததாகவும் பார்க்கலாம். அவனுக்கே எதுவென்று தெரியாது. காதலி மேரி ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறாள். அதில் வரும் நாயகனுக்கு 28 குணங்கள். அவன் நல்லவனா கெட்டவனா என்பது அவளுக்கே பிடிபடவில்லை என்கிறாள். ஒரு ஒலிப்பதிவு மூலம் லாவின் உண்மை அவளுக்குத் தெரிந்த பிறகு அந்தக் கேள்வி நாவலோடு நிற்பதில்லை.

ஆன்டி லாவ் இந்தப் படத்துக்காக ஹாங்காங் திரைப்பட விருது வாங்கவில்லை. டோனி லியுங்கின் நடிப்பு கண்ணில் தெரியும். இவருடையது மூடிவைத்த முகத்தில் நடக்கிறது. அது கடினமான வேலை, அதற்குரிய பாராட்டு இவருக்குக் கிடைக்கவில்லை என்று நினைக்கிறேன்.

பெண் பாத்திரங்கள் ஏன் இவ்வளவு மெலிந்திருக்கின்றன?

நியாயமான குறை. மேரிக்கும் மருத்துவர் லீக்கும் கதையில் முக்கியமான வேலை இருக்கிறது, ஆனால் அவர்களுக்கென்று தனி வாழ்க்கை இல்லை. சானின் பழைய காதலி மே தெருவில் மகளோடு வரும் சில நிமிடங்கள்தான் மனதில் நிற்கின்றன. குழந்தையின் வயதை அவள் குறைத்துச் சொல்கிறாள். ஏன் என்று நமக்குப் புரியும்போது சான் போய்விட்டிருப்பான்.

இரண்டு முடிவுகள் உண்டாமே?

ஆமாம். ஹாங்காங் பதிப்பில் லாவ் மாட்டிக்கொள்வதில்லை. சீனாவுக்கும் மலேசியாவுக்கும் தனியாக எடுத்த முடிவில், லிஃப்டிலிருந்து வெளியே வருகிறவனைக் கைது செய்கிறார்கள். குற்றவாளி தப்பிக்கக் கூடாது என்ற தணிக்கைக் கணக்கு. மலேசியாவில் முதலில் பார்த்த தமிழர்களுக்கு இரண்டாவது முடிவுதான் நினைவில் இருக்கலாம்.

கைதாகும் முடிவு படத்தைச் சிறியதாக்கிவிடுகிறது. கைதானால் தண்டனைக்கு ஒரு தேதி உண்டு, முடிவும் உண்டு. ஹாங்காங் பதிப்பில் சானின் அடையாளம் மருத்துவர் லீயின் முயற்சியால் மீட்கப்படுகிறது. அவனுடைய கல்லறை முன்னால் லாவ் சீருடையில் நின்று சல்யூட் அடிக்கிறான். தப்பித்தவன் இனி வாழ்நாள் முழுவதும் அந்த அட்டையோடு இருக்க வேண்டும். தொடக்கத்தில் சொன்ன நரகம் அதுதான்.

இது 1997ஐப் பற்றிய படம் என்கிறார்களே?

முதல் பாகத்தில் நேரடியாக எதுவும் இல்லை. இரண்டு முதலாளிகளுக்கு நடுவே, தான் யாரென்று தெரியாமல் நிற்பவர்களைப் பற்றிய கதை, பிரிட்டனிடமிருந்து சீனாவுக்குக் கைமாறி ஐந்தே வருடமான ஊரில் வந்தால் மக்கள் அப்படித்தான் படிப்பார்கள். இரண்டாம் பாகம் இதை வெளிப்படையாகவே எடுத்துக்கொள்கிறது. 1991இல் தொடங்கி 1997 ஜூலை 1 வரை போகிறது. அன்று ஹாங்காங் போலீஸ் தொப்பியில் பிரிட்டிஷ் கிரீடச் சின்னம் போய்ப் புதிய சின்னம் வந்தது. அதே ஆள், அதே சீருடை, வேறு விசுவாசம். இந்தக் கதைக்கு அதைவிடப் பொருத்தமான பின்னணி கிடையாது.

ஹாங்காங்கில் நிஜமாகவே இப்படி நடந்திருக்கிறதா?

சான், லாவ் இருவரும் கற்பனை. ஆனால் மண் நிஜம். 1970களின் தொடக்கம் வரை ஹாங்காங் போலீஸில் லஞ்சம் அமைப்பாகவே வேரோடியிருந்தது. சூதாட்ட விடுதி, போதைப்பொருள் கூடம் எல்லாவற்றிலிருந்தும் மாமூல் மேலே போகும். பீட்டர் காட்பர் என்ற தலைமைக் கண்காணிப்பாளர் நாற்பது லட்சம் ஹாங்காங் டாலருக்கு மேல் சேர்த்ததாக விசாரணை வந்தபோது, 1973இல் தன் போலீஸ் அட்டையையே பயன்படுத்தி விமான நிலையம் வழியாக நாட்டை விட்டுத் தப்பினார். மக்கள் தெருவில் இறங்கினார்கள். 1974இல் ஊழல் தடுப்புச் சுயாதீன ஆணையம் பிறந்தது. காட்பரைத் திருப்பிக் கொண்டுவந்து நான்கு வருடம் சிறையில் போட்டார்கள். 1977இல் கோபமுற்ற போலீஸ்காரர்கள் அந்த ஆணையத்தின் அலுவலகத்துக்குள்ளேயே புகுந்து தாக்கினார்கள். ஆளுநர் மெக்லஹோஸ் பழைய குற்றங்களுக்குப் பகுதி மன்னிப்பு அறிவிக்க வேண்டியதாயிற்று.

உளவாளி என்றால் இன்னும் வியப்பான ஆள் ஒருவர் இருந்தார். ஜான் சாங் சியூ-ஃபோ ஹாங்காங் போலீஸில் மிக உயர்ந்த பதவியில் இருந்த சீன அதிகாரிகளில் ஒருவர். 1961இல் கம்யூனிஸ்ட் சீனாவின் உளவாளி என்று கைதானார். நீதிமன்றத்தில் நிறுத்தாமல் எல்லைக்கு அப்பால் அனுப்பிவிட்டார்கள். அவர் பிற்பாடு குவாங்ஜோவின் ஜினான் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராகி, 2014 வரை வாழ்ந்தார்.

சானின் நிலை சட்டப்படி எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இன்னொரு விவரம்: ஹாங்காங்கில் ட்ரையாட் எனப்படும் ரகசியக் கும்பலில் உறுப்பினராக இருப்பதே குற்றம். வேறெதுவும் செய்திருக்க வேண்டியதில்லை. கோப்பு அழிந்துவிட்டால் சட்டத்தின் கண்ணில் சான் வெறும் குற்றவாளி.

தி டிபார்ட்டட் படத்தைப் பார்த்துவிட்டேன். இதையும் பார்க்க வேண்டுமா?

கண்டிப்பாக. மார்ட்டின் ஸ்கோர்செஸி 2006இல் எடுத்த அந்தப் படம் இதன் மறுஆக்கம். சிறந்த படம், இயக்கம், தழுவல் திரைக்கதை, படத்தொகுப்பு என்று நான்கு ஆஸ்கர் வாங்கியது. விழாவில் மூலப்படத்தை ஜப்பானியப் படம் என்று அறிவித்துவிட்டார்கள். ஹாங்காங்காரர்கள் அதை இன்னும் மறக்கவில்லை, மறக்கவும் வேண்டாம்.

அது பாஸ்டனின் ஐரிஷ் பேட்டையில் நடக்கிறது. ஜாக் நிக்கல்சன் செய்த தாதா வேடத்துக்கு வைட்டி பல்ஜர் என்ற நிஜ தாதாவின் சாயல் உண்டு; பல்ஜர் எஃப்பிஐக்குத் தகவல் கொடுத்துக்கொண்டே கொலைகள் செய்தவர். ஸ்கோர்செஸி படம் இரண்டரை மணி நேரம், கத்தல், கெட்ட வார்த்தை, ரத்தம். இரண்டு பெண் பாத்திரங்களை ஒன்றாக்கியிருக்கிறார்கள். முடிவில் துரோகி சுடப்பட்டுச் செத்துவிடுகிறான். பார்க்கிறவனுக்குக் கணக்குத் தீர்ந்த திருப்தி. ஹாங்காங் படம் அந்தத் திருப்தியைத் தருவதில்லை. இரண்டும் நல்ல படங்கள். மனதில் அதிக நாள் தங்கியது எனக்கு இதுதான்.

இரண்டாம், மூன்றாம் பாகங்களை எந்த வரிசையில் பார்க்க வேண்டும்?

வெளியான வரிசையில். 2003 அக்டோபரில் வந்த இரண்டாம் பாகம் முன்கதை. அதை முதலில் பார்த்தால் முதல் பாகத்தின் மர்மம் பாதி கரைந்துவிடும். முதலில் இதைப் பார்த்துவிட்டுப் போனால், வோங்கும் சாமும் ஒரு காலத்தில் கிட்டத்தட்ட நண்பர்கள் என்பது நெஞ்சில் இறங்கும். சானின் குடும்பப் பின்னணியும் அங்கேதான் வருகிறது. அவன் ஒரு தாதா குடும்பத்தின் வெளியே தெரியாத மகன். அண்ணனாக வரும் ஃபிரான்சிஸ் ங் கண்ணாடி போட்ட ஆசிரியர் மாதிரி அமைதியாக இருந்துகொண்டே நடுங்கவைக்கிறார். சாமின் மனைவியாக கரினா லாவ். முதல் பாகத்தில் குறையாகப்பட்ட பெண் பாத்திரம் இங்கே ஓரளவு ஈடுசெய்யப்படுகிறது.

மூன்றாம் பாகம் 2003 டிசம்பரில் வந்தது. முதல் பாகத்துக்கு முன்னும் பின்னும் மாறி மாறிப் போகிறது, லாவின் மனம் சிதைவதைச் சொல்கிறது. லியோன் லாய், சென் தாவ்மிங் என்று நல்ல நடிகர்கள் இருந்தும் கதை தேவைக்கு மேல் சிக்கிக்கொள்கிறது. லாவுக்கு என்ன ஆனது என்று தெரிந்தே ஆக வேண்டும் என்பவர்கள் பாருங்கள்.

இதே வகையில் ஹாங்காங்கில் முன்பே வந்த படம் ஏதாவது?

ரிங்கோ லாம் 1987இல் எடுத்த சிட்டி ஆன் ஃபயரிலிருந்து தொடங்கலாம். சவ் யுன்-ஃபாட் ஒரு கொள்ளைக் கும்பலுக்குள் போன போலீஸ்காரன். கூட இருப்பவனோடு ஏற்படும் நட்புதான் அவனைக் கொல்கிறது. அப்புறம் 1992இல் ஜான் வூவின் ஹார்ட் பாயில்ட். அதில் கும்பலுக்குள் ஒளிந்திருக்கும் போலீஸ்காரனாக வருபவர் டோனி லியுங்கேதான். பத்து வருடம் கழித்து அவர் சானாக வரும்போது, அந்த முகத்தில் ஏன் அவ்வளவு களைப்பு என்று கேட்கத் தோன்றாது.